கேட்பாரற்றுப் போன தட்டுகள்: இந்தியப் பாப், ராக் இசையின் மறதியும் மீட்சியும்

1982ஆம் ஆண்டில் இந்தியாவில் இரண்டு இசைத்தட்டுகள் வெளிவந்தன. ஒன்று, பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் நெடுங்காலம் வாசித்துவந்த சரண்ஜித் சிங் தனியொருவராக மின்னணுக் கருவிகளைக் கொண்டு உருவாக்கிய ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’. மற்றொன்று, ரூபா பிஸ்வாஸ் பாடி, கல்கத்தாவின் மெகாபோன் நிறுவனம் வெளியிட்ட ‘டிஸ்கோ ஜாஸ்’. இரண்டும் விலைபோகவில்லை. ஆனால் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் இரண்டும் உலகின் பல நாடுகளில் தேடிக் கேட்கப்பட்டன. நல்ல இசை காலம் கடந்தாயினும் வெல்லும் என்று இதற்கு எளிதாக விளக்கம் கூறிவிடலாம். அவ்விளக்கம் போதாது. இவை எவ்வாறு மறைந்தன, யாரால் மீண்டன என்பதைத் தொடர்ந்து பார்த்தால், மீளாதவற்றின் கதியும் புலப்படும்.

இந்தியாவில் வெகுசன இசை என்றாலே அக்காலத்தில் பெரும்பாலும் திரையிசைதான். வானொலியும் இசைத்தட்டுக் கடைகளும் அதையே நம்பியிருந்தன. 1980இல் வந்த ‘குர்பானி’ படத்தில் பித்துவின் இசையில் நாசியா ஹசன் பாடிய பாடல் டிஸ்கோவை நாடெங்கும் கொண்டுசென்றது. அடுத்த ஆண்டே அவரது ‘டிஸ்கோ தீவானே’ தொகுப்பு பெருவெற்றி கண்டது. அந்த அலையில் இறங்கிய பிறருக்குத் திரைப்படம் என்னும் துணையும் இல்லை, விளம்பரமும் இல்லை. இதனோடு மற்றொரு மாற்றமும் சேர்ந்துகொண்டது. எண்பதுகளில் ஒலிநாடா விரைந்து பரவி, இசைத்தட்டைச் சந்தையிலிருந்து அகற்றியது. நாடாவாக மறுபதிப்புப் பெற்ற இசை பிழைத்தது. விற்காத தட்டை நாடாவாக்க எவரும் முன்வரவில்லை. ஆகவே இவ்விரு படைப்புகளும் இருமுறை தோற்றன எனலாம்: முதலில் சந்தையில், பின்னர் ஊடக மாற்றத்தில்.

‘டிஸ்கோ ஜாஸ்’ பிறந்த விதம் தற்செயலானது. கனடாவின் கேல்கரி நகரில் வசித்த சகோதரரைக் காணச் சென்றிருந்தார் ரூபா பிஸ்வாஸ். அங்கு அவர் நிகழ்த்திய கச்சேரி ஒன்று, சரோத் கலைஞர் ஆசிஷ் கானின் கூட்டில் ஒரு பதிவாக வளர்ந்தது. அலி அக்பர் கானின் மகனும் அலாவுதீன் கானின் பேரனுமான ஆசிஷ் கான் சரோத் வாசிக்க, அவருடைய தம்பி பிரானேஷ் கான் தபலா வாசிக்க, கனடியக் கலைஞர்கள் கிதாரும் டிரம்சும் இசைத்தனர். மொத்தம் நான்கே பாடல்கள். அவற்றுள் ‘ஆஜ் ஷொனிபார்’ என்பதற்கு ‘இன்று சனிக்கிழமை’ என்று பொருள். மைஹர் கரானாவின் சரோத் ஒலியும் நடன அரங்கின் தாளமும் அதில் ஒன்றையொன்று விழுங்காமல் அருகருகே நடக்கின்றன. தட்டு விற்காத நிலையில் பாடகி அதை ஒதுக்கிவைத்து இல்வாழ்க்கைக்குத் திரும்பினார். பல்லாண்டுகளுக்குப் பின் வீட்டில் கிடைத்த அத்தட்டைக் கண்ட அவருடைய மகன் இணையத்தில் தேடியபோதுதான், பழைய பிரதிகள் நூற்றுக்கணக்கான டாலருக்குக் கைமாறுவது குடும்பத்திற்குத் தெரியவந்தது. 2019இல் அமெரிக்காவின் நியூமெரோ குரூப் அதை முறைப்படி மறுபதிப்புச் செய்தது.

சரண்ஜித் சிங்கின் தட்டு வேறு வழியில் மீண்டது. எடோ பௌமன் என்னும் நெதர்லாந்துச் சேகரிப்பாளர் 2002இல் டெல்லியில் அதன் பிரதி ஒன்றைக் கண்டெடுத்து, 2010இல் மறுபதிப்பு வெளியிட்டார். பைரவ், லலித், தோடி, மேக் மல்ஹார், யமன், மால்கௌன்ஸ் உள்ளிட்ட பத்து ராகங்கள் அதில் ஒரே சீரான தாளத்தின்மேல் ஓடுகின்றன. ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303, டிஆர்-808, ஜூபிடர்-8 ஆகிய கருவிகளே முழு வாத்தியக்குழு. இவற்றுள் டிபி-303 என்னும் சிறுபெட்டி, தனித்துப் பயிலும் கிதார் கலைஞருக்குப் பேஸ் துணையாக அமையும் என்று எண்ணிச் செய்யப்பட்டது. விற்பனையின்றி 1984இல் நிறுத்தப்பட்டது. பின்னர் 1987இல் சிகாகோவின் ஃபியூச்சர் குழு அக்கருவியைக் கொண்டு ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளியிட, ‘ஆசிட் ஹவுஸ்’ என்னும் இசைவகை பெயர்பெற்றது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே பம்பாயில் ஏறத்தாழ அதே ஒலி எழுந்திருந்தது என்பதே மேலை நாட்டினரை வியக்கவைத்த செய்தி. இது பிற்காலத்தில் புனைந்த போலிப் பதிவு என்று ஐயுற்றவர்களும் இருந்தனர்.

அந்த வியப்பில் ஒரு வழுவும் உண்டு. சிகாகோவுக்கு முந்தியவர் என்பதாலேயே சரண்ஜித் சிங் போற்றப்பட்டார். ‘ஆசிட் ஹவுஸின் தந்தை’ என்னும் பட்டமும் வந்து சேர்ந்தது. ஆனால் அந்தத் தட்டுக்கும் சிகாகோவுக்கும் தொடர்பேதும் இருந்ததில்லை. திரைப்பாடல் மெட்டுகளைக் கிதாரிலும் மின்னணு விசைக்கருவியிலும் வாசித்துத் தட்டாக வெளியிடும் வழக்கம் பம்பாயில் முன்பே வேரூன்றியிருந்தது. அவர் அம்மரபில் வந்தவர். மேலும், டிபி-303 ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்திற்கு வழுக்கிச் செல்ல வல்லது. இந்துஸ்தானி இசையின் மீண்ட் என்னும் இழைவுக்கு அது ஓரளவு இணங்கியது. சிகாகோ இளைஞர்கள் அக்கருவியின் திருகுகளை முறுக்கி ஒலியின் நிறத்தை மாற்றினர். பம்பாய்க் கலைஞர் ராகத்தின் நடையை நாடினார். முன்னோடி என்னும் பட்டம் அவரை மீட்டது. அவருடைய உண்மையான மூதாதையரை மறைத்தது. 2015இல் மறைவதற்கு முன் அவர் ஐரோப்பிய மேடைகளில் இந்த ராகங்களை வாசித்துப் பாராட்டுப் பெற்றார் என்பது ஆறுதல்.

பிறர் மீட்டுத் தராமல் சொந்த ஊரே மீட்டுக்கொண்ட சான்றும் உண்டு. 1975இல் கல்கத்தாவில் கௌதம் சட்டோபாத்யாயும் நண்பர்களும் தொடங்கிய ‘மொஹீனேர் கோராகுலி’ என்னும் குழு, ஜீவனானந்த தாஸின் கவிதையிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்டது. பாவுல் பாட்டு, ஜாஸ், ராக் மூன்றையும் வங்க மொழியில் இணைத்து, 1977 முதல் 1979 வரை மூன்று இசைத்தட்டுகளை வெளியிட்டது. அன்று பெரிதாகக் கேட்பாரில்லை, குழுவும் கலைந்தது. ஆயினும் 1995இல் கௌதம் சட்டோபாத்யாய் இளங்கலைஞர்களைச் சேர்த்து, பழைய பாடல்களும் புதியவையும் கலந்த தொகுப்புகளை வெளியிடத் தொடங்கினார். பழைய தட்டை அரும்பொருளாக்கி விற்காமல், அடுத்த தலைமுறையின் குரலில் பாடவைத்தார். 1999இல் அவர் மறைந்தபின்னும் பாடல்கள் ஓயவில்லை. அத்தொகுப்புகள் வழியே பரவிய மெட்டு ஒன்று 2006இல் ‘கேங்ஸ்டர்’ என்னும் இந்திப் படத்தின் பாடலாகவும் ஒலித்தது.

மூன்று மீட்சிகளுக்கும் பொதுவானது ஒன்றுண்டு: எதிலும் பொது நிறுவனத்தின் கை இல்லை. ஒரு மகனின் தேடலும், ஓர் அயல்நாட்டவரின் ஆர்வமும், ஒரு கலைஞரின் பிடிவாதமுமே காரணங்கள். இதற்குச் சட்டத்திலேயே விடையுண்டு. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் கல்கத்தா தேசிய நூலகத்திற்கும் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட பிற பொது நூலகங்களுக்கும் சென்றாக வேண்டும். அச்சட்டத்தில் ‘நூல்’ என்னும் சொல் தனித்து அச்சிடப்பட்ட இசைக்குறிப்புத் தாளையும் உள்ளடக்கும். ஆனால் இசைத்தட்டு அதில் அடங்காது. தாளில் எழுதிய சுரத்தைக் காக்க அரசு விதி செய்தது; ஒலித்த சுரத்தைக் காக்கச் செய்யவில்லை.

மறுபுறம், பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுக் காப்பளிக்கிறது. 1982இல் வெளிவந்த தட்டு 2042 இறுதிவரை உரிமையாளரின் இசைவின்றி மறுபதிப்புக்கு உரியதன்று. உரிமையாளர் தாமும் வெளியிடாமல், பொது நூலகத்திலும் பிரதி இல்லாமல், அறுபது ஆண்டுகள் ஒரு தட்டு எங்கே காத்திருக்கும்? பழைய பொருள் கடையிலும், வீட்டுப் பரணிலும்தான்.

ஆகவே, ஒருவர் தமக்குப் பிடித்த, பிறர் அறியாத ஒரு பாடலை மற்றொருவருக்குக் கேட்கக் கொடுப்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. ஆவணக்காப்பகம் செய்யாத வேலையை ரசிகர் செய்கிறார். அவ்வேலை முழுமை பெற, பாடலோடு சேர்த்துப் பாடியவர், வாசித்தவர், பதிந்த இடம், வெளியிட்ட நிறுவனம், ஆண்டு ஆகியவற்றையும் கைமாற்ற வேண்டும். உறையைத் தொலைத்துவிட்டு ஒலியை மட்டும் காத்தால், பின்னால் வருபவர்கள் அதற்குத் தாம் விரும்பிய தந்தையைச் சூட்டிவிடுவார்கள்.