துப்பறியும் கதையும் ஊவாத் தோட்டங்களும்

கொலையும் மர்மமும் நிறைந்த நாவல்களை நமது ஆசிரியர்கள் பொதுவாக விரும்புவதில்லை. பாடப்புத்தகத்தினுள் மறைத்துவைத்து மாணவன் அவற்றைப் படிப்பதும், ஆசிரியர் கண்டு பறிமுதல் செய்வதும் நெடுங்காலமாக நடந்துவரும் காரியங்கள். முற்போக்கு எண்ணங்கொண்ட நம்மிற் பலரும் இவ்விஷயத்தில் பழமைவாதிகளோடு ஒன்றுபட்டே நிற்கிறோம். 'வெறும் பொழுதுபோக்கு', 'சிந்தனையை மழுங்கடிக்கும் சரக்கு' என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். ஆனால், சாட்சிகளை விசாரியாமல் தீர்ப்புக் கூறுவது நியாயமாகுமா? மலையகத்தின் வரலாறு இவ்வழக்கில் ஒரு முக்கியமான சாட்சியை வைத்துக்கொண்டிருக்கிறது.

1924ஆம் ஆண்டு புகைவண்டி பதுளை நகரை வந்தடைந்தது. முன்பு பண்டாரவளையோடு நின்றிருந்த இருப்புப்பாதை, தெமோதரையில் மலையைச் சுற்றி வளைந்து, ஊவாவின் தலைநகரைத் தொட்டது. ஊவா மலைச் சரிவுகளில் விளைந்த தேயிலை கொழும்புத் துறைமுகத்துக்கு விரைந்து செல்ல வழி பிறந்தது. அதே 1924ஆம் ஆண்டில் தமிழில் ஒரு நாவல் வெளிவந்தது. 'மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறம்' என்பது அதன் பெயர். அதனை எழுதியவர் வேலையற்ற கதைக்காரரல்லர். இலங்கைத் தோட்டத் தொழிலாளரிடையே தொழிற்சங்க இயக்கத்துக்கு வித்திட்ட கோ. நடேசய்யரே அவர்.

தஞ்சையிலே 'வர்த்தகமித்திரன்' என்ற பத்திரிகையை நடத்திய நடேசய்யர், இலங்கைக்கு வந்தபின் 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளின் வாயிலாகத் தொழிலாளர் துயரை உலகறியச் செய்தார். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையில் ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாக இருந்தார். அத்தகைய மனிதர் துப்பறியும் கதையொன்றைத் தமிழ் மக்களுக்குக் கொடுக்க முன்வந்தது ஏன் என்று நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அந்நூலின் தலைப்பு ஆங்கில எழுத்தாளரான ஆர்க்ஸி அம்மையாரின் புகழ்பெற்ற கதைத்தொகுதியின் தலைப்பேயாகும். 1901 முதல் வெளிவந்த அக்கதைகளில், லண்டன் தேநீர்க்கடை ஒன்றின் மூலையில் ஒரு கிழவர் அமர்ந்திருப்பார். கையிலுள்ள கயிற்றில் முடிச்சுகளைப் போட்டும் அவிழ்த்தும், பொலிசார் கைவிட்ட வழக்குகளின் மர்மத்தைப் பத்திரிகைக்காரப் பெண்ணொருத்திக்கு விளக்குவார். அவரிடம் அதிகாரமும் இல்லை, ஆயுதமும் இல்லை. எல்லோரும் பார்த்ததையே தாமும் பார்த்து, எல்லோரும் கேட்க மறந்த கேள்வியைக் கேட்பதொன்றே அவருடைய பலம். மூலையில் ஒதுங்கிக் கிடப்பவனுக்கும் அறிவுண்டு, அவ்வறிவினால் அதிகாரிகளின் முடிவையே பொய்யாக்கலாம் என்ற எண்ணம், மலைகளின் மூலையில் ஒதுக்கப்பட்ட மக்களுக்காகப் பேனா பிடித்த ஒருவரைக் கவர்ந்ததில் வியப்பில்லை.

இளைஞர்கள் இத்தகைய கதையில் இன்பம் காண்பதன் இரகசியமும் இங்கேதான் இருக்கிறது. கொலை விழுந்த வீட்டில் எவரும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவரல்லர். ஜமீன்தாரும் சமையற்காரனும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள். பட்டமும் பணமும் சாட்சியமாகா. எரிந்த காகிதத்தின் துணுக்கும், நின்றுபோன கடிகாரமும் சாட்சியமாகும். அன்றாட வாழ்வில் பெரியவர் சொன்னதை அப்படியே ஏற்கும்படி பழக்கப்பட்ட பிள்ளை, இந்த நூறு பக்கங்களுக்குள் பெரியவர்களைக் குறுக்கு விசாரணை செய்கிறான். அவன் பெறும் மகிழ்ச்சியில் பாதி அறிவின் மகிழ்ச்சி. மறுபாதி சமத்துவத்தின் மகிழ்ச்சி.

இப்பயிற்சிக்குத் தோட்டத்தைக் காட்டிலும் பொருத்தமான இடம் வேறில்லை. அக்காலத் தோட்டங்களில் அந்நியர் எளிதில் நுழைய முடியாது. நடேசய்யரே புடவை வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குள் சென்றுதான் உண்மைகளைத் திரட்டினார். கதைகளில் வரும் துப்பறிவாளன் மாறுவேடம் பூணுவதைக் கண்டு நாம் நகைப்பதுண்டு. இங்கே அது வரலாற்றின் தேவையாக இருந்தது. அவர் கண்டறிய வேண்டியிருந்த குற்றமோ கணக்குப் புத்தகத்தில் ஒளிந்திருந்தது. தொழிலாளி கங்காணிக்குக் கடன்பட்டான். அக்கடனைத் தீர்ப்பவரிடம் அவனை ஒப்படைக்கச் சம்மதிக்கும் 'துண்டு' என்னும் சீட்டின் மூலம் அவன் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றப்பட்டான். 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும், கொழுந்துத் தராசும் செக்ரோலும் இருந்தன. கூடையின் நிறை குறைந்ததென்று அரைப்பேர் போடப்பட்டால், தராசு சரிதானா என்று கேட்பவர் யார்? நடேசய்யர் துப்பறியும் நாவல் எழுதிய கையாலேயே தொழிலாளர் சட்டத்தையும் நூலாக எழுதியதை நாம் மறத்தலாகாது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: எழுதியிருப்பதைப் படி, சொல்லியதோடு ஒப்பிட்டுப் பார்.

எனினும், துப்பறியும் கதைக்கு ஓர் எல்லையுண்டு. கடைசி அத்தியாயத்தில் ஒரு குற்றவாளி பிடிபட்டதும் உலகம் பழையபடி ஒழுங்குக்குத் திரும்பிவிடுகிறது. உண்மை வரலாறு அவ்வாறு முடிவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜே. ஆர். ரங்கராஜு படைத்த துப்பறியும் கோவிந்தன் தமிழகத்து வாசகரை மயக்கினான். 1940ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி மலையகத்தின் இன்னொரு கோவிந்தன் பொலிஸ் குண்டுக்கு இரையானான். ஊவாவுக்கு மேற்கே, ஹேவாஹெட்டைப் பகுதியில், முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது நிகழ்ந்தது அது. சுட்டவர் யாரென்பதில் மர்மம் ஏதுமில்லை. ஏன் சுட நேர்ந்தது, துரைமாருக்கும் பொலிசாருக்கும் இருந்த உறவு என்ன என்பனவே கேள்விகள். விசாரணைக் கொமிஷனின் முன் கோவிந்தனின் மனைவிக்காகத் தோன்றிய கொல்வின் ஆர். டி சில்வா அக்கேள்விகளைப் பகிரங்கமாக எழுப்பினார்.

முல்லோயாவில் எழுந்த அலை ஊவாவையும் எட்டியது. அவ்வாண்டு மே மாதத்தில் பதுளையில் தடையை மீறி நடந்த கூட்டத்தில் என். எம். பெரேரா பேசினார். வேவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தாமே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அதைக் கலந்தாலோசித்து நடப்பதாகத் துரையும் ஒப்புக்கொண்டார். அடக்க வந்த பொலிசாரின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. அடுத்த மாதமே சமசமாஜத் தலைவர்கள் சிறையிலடைக்கப்பட்டனர். வேவெஸ்ஸத் தொழிலாளர் கண்டுபிடித்த உண்மை எளியது: ஒருவனைத் தண்டித்துவிட்டால் தீராத குற்றமும் உண்டு; அதைத் தீர்க்க, கேள்வி கேட்கும் உரிமை எல்லோருக்கும் வேண்டும்.

சாட்சியத்தின் அருமையை மலையக மக்கள் மற்றுமொரு முறை, மிகக் கொடிய விதத்தில், உணர நேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தான் பிறந்ததோடு தன் தந்தையும் இந்நாட்டிற் பிறந்தவரென நிறுவும்படி கேட்டது. 1949ஆம் ஆண்டின் சட்டம், 1946 ஜனவரி முதலாந் தேதிக்கு முன் மணமானவராயின் ஏழாண்டும், மணமாகாதவராயின் பத்தாண்டும் இடைவிடாது இங்கே வாழ்ந்ததற்குச் சான்று கேட்டது. துப்பறியும் நாவலில் குற்றம் சாட்டுபவனே குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டும். இங்கே குற்றமே செய்யாத தொழிலாளி தன் வாழ்வையே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. லயத்து அறையிற் பிறந்தவனுக்குத் தந்தையின் பிறப்புப் பத்திரம் எங்கே கிடைக்கும்? 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 975,000 மனிதர்கள் எண்களாகப் பிரிக்கப்பட்டார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னொரு நாளைய பேச்சுக்கு. எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

இதனிடையே இளைஞர்களின் கைகளில் தமிழ்வாணனின் சங்கர்லால் உலவினார். தேநீர் அருந்தினால் சங்கர்லாலின் மூளை சுறுசுறுப்படையும் என்பதைப் படிக்காத பிள்ளைகள் குறைவு. லண்டன் கிழவருக்குத் தேநீர்க்கடை. சென்னைத் துப்பறிவாளருக்குத் தேநீர்க்கோப்பை. அந்தக் கோப்பைக்குக் கொழுந்து கிள்ளியவள் எவளென்ற கேள்வி மட்டும் அக்கதைகளின் விசாரணைக்கு வெளியே நின்றது. அதனைக் கேட்டவர்கள் தோட்டத்துப் பிள்ளைகளே. 1934இல் பதுளையை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்து, ஆசிரியராகப் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப், 1974இல் 'காலங்கள் சாவதில்லை' என்ற நாவலை வெளியிட்டார். அது துப்பறியும் நாவலன்று. ஆயினும் தோட்ட வாழ்வின் உள்ளறைகளைத் திறந்து, யார் யாரை எவ்வாறு ஏய்க்கிறார்கள் என்று காட்டும் பணியில் அதற்கும் பங்குண்டு.

ஆகவே, ஆசிரிய நண்பர்களே, மாணவனிடமிருந்து மர்ம நாவலைப் பறிப்பதை விடுத்து, அவன் படித்து முடிக்கும் வரை காத்திருங்கள். பின்னர் அவனோடு அமர்ந்து பேசுங்கள். எந்தச் சாட்சியை நம்பினாய், ஏன் நம்பினாய் என்று கேளுங்கள். கதையில் வரும் வேலைக்காரியின் சொல்லை ஏன் எவரும் முதலில் மதிக்கவில்லை என்று கேளுங்கள். அப்பழக்கம் அவனிடம் வேரூன்றிவிட்டால், நாளை தாயின் சம்பளச் சீட்டை அவளுக்குப் படித்துக் காட்டும்போது, அதிலுள்ள ஒவ்வொரு கழிவுக்கும் அவன் காரணம் கேட்பான். நடேசய்யர் துப்பறியும் திறம் என்று தமது நூலுக்குப் பெயரிட்டதற்கு அதனினும் சிறந்த உரை நாம் எழுதிவிட முடியாது.