தான்சேனுக்குக் குரல் தந்தவர்

கலைகள் தம்முள் உயர்வு தாழ்வு பாராட்டத் தொடங்கினால் இழப்பு இரு தரப்புக்கும் உண்டாகும். இந்தியாவில் சாஸ்திரிய இசைக்கும் திரையிசைக்கும் இடையே நெடுங்காலம் நிலவிய பிணக்கே இதற்குச் சான்று. அப்பிணக்கு ஒருமுறை தீர்ந்து இரண்டும் கைகோத்த வரலாறு, 'முகலே ஆசம்' என்னும் இந்திப் படத்தோடு பிணைந்தது.

தமிழ்நாட்டில் கருநாடக இசைவாணர்கள் தொடக்கத்திலேயே திரைக்கு வந்துவிட்டனர். முசிரி சுப்பிரமணிய ஐயர் 1938-இல் துக்காராமாகத் தோன்றினார், ஜி. என். பாலசுப்பிரமணியம் 1940-இல் வெளிவந்த 'சகுந்தலை'யில் துஷ்யந்தனாக நடித்தார். வடநாட்டிலோ பேரும் புகழும் பெற்ற உஸ்தாதுகள் பலர் திரைப்படத்தை எட்டவே வைத்திருந்தனர். அரசின் நோக்கும் அவ்வாறே இருந்தது. 1952-இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் ஒதுக்கப்பட்டன. மக்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். 1957-இல் 'விவித பாரதி' தொடங்கப்பட்ட பிறகே அப்பாடல்களுக்கு இந்திய வானொலியில் மீண்டும் உரிய இடம் கிடைத்தது.

இத்தகைய சூழலில் வாழ்ந்தவர் படே குலாம் அலி கான். 1902-இல் கசூரில் பிறந்த இவர் பாட்டியாலா கரானாவின் பெரும் பாடகர். பிரிவினைக்குப்பின் பாகிஸ்தானுக்கு உரியதாகிவிட்ட ஊரை விட்டு வந்து, இந்தியக் குடியுரிமை பெற்றவர். தும்ரியில் இவருக்கு நிகர் இவரே என்பர். சில நிமிடங்களே ஓடும் இசைத்தட்டிலும் ஒரு ராகத்தின் உயிரைக் காட்டிய இவர், திரைப்படத்தின் சுருக்கத்தைக் கண்டு அஞ்சியிருக்க மாட்டார். பிறர் வகுத்த காட்சிக்கும் அளவுக்கும் இசை அடங்கி நடக்க வேண்டுமே என்பதே இவருடைய தயக்கமாக இருந்திருக்கலாம் என்று எண்ண இடமுண்டு.

இயக்குநர் கே. ஆசிப், சலீம் - அனார்கலி காதலை இதுவரை எவரும் காணாத பொலிவுடன் எடுக்க முனைந்தவர். 1940-களில் தொடங்கிய பணி, பிரிவினையாலும் நடிகர் சந்திரமோகனின் மறைவாலும் தடைப்பட்டு, நடிகர்கள் மாறி மீண்டும் தொடர்ந்தது. கண்ணாடி மாளிகை ஒன்றுக்கே பெல்ஜியக் கண்ணாடிகள் தருவிக்கப்பட்டன. மொத்தச் செலவு 1 கோடி ரூபாயைத் தாண்டிற்று. ஆயினும், அக்பர் அவையில் தான்சேன் பாடும்போது அக்குரலில் மெய்யான பெருமை இல்லையெனில், அத்தனை பொலிவும் வெறும் அட்டைச் சுவராகிவிடும். இதனை உணர்ந்த ஆசிப், இசையமைப்பாளர் நௌஷாதுடன் உஸ்தாதை நாடினார்.

மறுத்தனுப்பும் வழியாக, பாடல் ஒன்றுக்கு 25,000 ரூபாய் கேட்டார் உஸ்தாது. லதா மங்கேஷ்கரும் முகம்மது ரஃபியும் பாடலுக்குச் சில நூறு ரூபாய் பெற்றுவந்த காலம் அது. ஆசிப் தயங்காமல் ஒப்புக்கொண்டு முன்பணமும் அளித்தார் என்பது திரையுலகம் இன்றும் வியந்து பேசும் செய்தி. உஸ்தாதால் மறுக்க இயலவில்லை.

ஆனால் பணம் வாயிலைத் திறந்ததேயன்றி, உள்ளே நிகழ்ந்ததற்குக் காரணம் அதுவன்று. 1952-இலேயே 'பைஜு பாவ்ரா'வில் அமீர் கானையும் டி. வி. பலுஸ்கரையும் பாடவைத்த நௌஷாத், இசைவாணரின் தகுதியறிந்து இடம் தந்தார். தான்சேனாகச் சுரேந்திரா திரையில் தோன்ற, உஸ்தாதின் குரல் சோஹினி ராகத்தில் எழுகிறது. இரவு வேளை, திலீப்குமாரும் மதுபாலாவும் எதிரெதிரே இருக்கின்றனர், வெண்ணிற இறகொன்று காதலியின் முகத்தை வருடுகிறது. சொல்லாட வேண்டிய இடத்தில் சொல் இல்லை. காதலர் உள்ளத்தைப் பேசும் பொறுப்பு முழுவதும் அக்குரலின்மீது விழுகிறது. இசைக்குக் காட்சி இடம்விட்டு ஒதுங்கி நிற்கும் அரிய தருணம் அது. ராகேஸ்ரீயில் அமைந்த மற்றொரு பாடலும் படத்தில் நிலைபெற்றது. இயற்றப்பெற்ற 20 பாடல்களுள் சில, படத்தின் நீளம் கருதி விடப்பட்டன என்பதை நோக்க, இவ்விரண்டும் பெற்ற மதிப்பு விளங்கும்.

1960 ஆகஸ்டு 5-இல் பம்பாய் மராட்டா மந்திரில் படம் வெளிவந்து பெருவெற்றி கண்டது. 1961-இல் 'அக்பர்' என்ற பெயரில் தமிழ் பேசி வந்தபோது அத்தகைய வரவேற்பு கிட்டவில்லை. உஸ்தாதும் அதன்பின் திரையிசைக் கலைஞராக மாறிவிடவில்லை. 1968-இல் ஐதராபாத்தில் மறையும்வரை கச்சேரி மேடையே அவருடைய உலகமாக இருந்தது. எனினும் கச்சேரி மண்டபத்தின் வாயிலையே மிதித்தறியாத எளிய மக்கள் எண்ணற்றோர், அவ்விரு பாடல்களால் பாட்டியாலா மரபின் இனிமையை நுகர்ந்தனர். 2004-இல் வண்ணமூட்டிய படமாக மீண்டும் திரைக்கு வந்தபோது, புதிய தலைமுறையும் அக்குரலைக் கேட்டது.

ஒரு கலையை ஐயுறும் பெரியோரை வாதத்தால் வெல்லுதல் அரிது. அவர் போற்றும் மேன்மையை அக்கலையும் போற்றுகிறது என்று செயலால் காட்டினால், ஐயம் தானே நெகிழும். ஆசிப் செய்தது அதுவே.