நாணமும் நோயும்

நாணுடைமை என ஓர் அதிகாரமே வகுத்தவர் திருவள்ளுவர். ஆயின் அது பழிக்கு அஞ்சும் நாணம். நோயை மறைக்கும் கூச்சம் அன்று. அவரே 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில் வைத்தியத்தை நான்கு கூறாக எண்ணுகையில், வைத்தியனுக்கும் மருந்துக்கும் முன்னதாக நோயாளியை நிறுத்துகிறார். அந்த முதலாமவர் வாய் திறவாவிடின் ஏனைய மூன்றும் என் செய்யும்?

வைத்திய சரித்திரத்தைப் புரட்டுவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். கூச்சத்தைக் கடிந்து பேசி எவரும் போக்கியதில்லை. அதனை மதித்து, அதற்கு வழிவிட்டவர்களே வென்றனர்.

1816ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் இருதய நோயுற்ற இளம்பெண் ஒருத்தி லெனெக் என்னும் வைத்தியரிடம் வந்தாள். மார்பில் காதை வைத்துக் கேட்பதே அக்கால வழக்கம். அவள் வயதையும் பெண்மையையும் எண்ணி லெனெக் தயங்கினார். பின்னர், காகிதத் தாள்களை இறுகச் சுருட்டி, ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். ஒலி முன்னிலும் தெளிவாகக் கேட்டது! இன்று டாக்டர்மாரின் கழுத்தில் தொங்கும் ஸ்தெதஸ்கோப் பிறந்தது இவ்வாறே.

நம் நாட்டுடன் தொடர்புடைய கதையோ துயரமானது. 1820 முதல் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்த அமெரிக்க மிஷனரி ஜோன் ஸ்கடரின் பேர்த்தி ஐடா. 1890களில் ஓர் இரவு அவர் தென்னிந்தியாவில், திண்டிவனத்தில், தந்தையார் வீட்டில் இருந்தார். ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆடவர் வந்தனர்; ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் இந்துவே. மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். "நான் வைத்தியம் படித்தவளல்லேன், என் தந்தையார் வைத்தியர், அவரை அழைத்துச் செல்லுங்கள்" என்றார் ஐடா. அந்நிய ஆடவர் வருவதற்கு மூவரும் இசையவில்லை. விடிவதற்குள் அம்மூன்று பெண்களும் மாண்டனர்.

அவ்வாடவரைக் கொடியவர் என்று சொல்லிவிடுதல் எளிது. மனைவியர்மீது அன்பில்லாதவர் நள்ளிரவில் உதவி தேடி வருவரோ? அன்பு இருந்தது, ஊர் வழக்கம் அதனைக் கட்டிப்போட்டது. ஐடா அவர்களைப் பழித்துக்கொண்டிருக்கவில்லை. அமெரிக்கா சென்று 1899இல் டாக்டர் பட்டம் பெற்று மீண்டார். வேலூரில் 1902இல் பெண்களுக்கான ஆஸ்பத்திரியும், 1918இல் பெண்களுக்கான வைத்தியக் கல்லூரியும் அவர் முயற்சியால் எழுந்தன. யாழ்ப்பாணத்தில் இணுவில் பெண்கள் வைத்தியசாலை 1898இலேயே திறக்கப்பட்டுவிட்டது என்பதை நம்மவர் பெருமையுடன் நினைக்கலாம்.

பெண் டாக்டர் கிடைத்தாலும் சொல் கிடைக்க வேண்டுமே! இதனை முன்னரே உணர்ந்தவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த டாக்டர் சாமுவேல் கிறீன். தம் மாணாக்கர் தமிழரிடையே தொழில் செய்ய வேண்டியவர்கள் என்பதால், ஆங்கில வைத்திய நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். 1857இல் வெளிவந்த 'பிரசவ வைத்தியம்' அவற்றுள் ஒன்று. உடலின் எப்பகுதிக்கும் வெட்கமின்றி வழங்கத்தக்க தமிழ்ச் சொல் உண்டு என்பதை நூறாண்டுகளுக்கு முன்னரே காட்டிச் சென்றவர் அவர். நாமோ அச்சொற்களை நூலிலேயே விட்டுவிட்டோம். வெள்ளைபடுதல் என்று சொல்லக் கூசி "உடம்பு சரியில்லை" என்கிறோம். மார்பிற் கட்டி கண்ட தாய், மகளிடமும் மறைக்கிறாள்.

இலங்கையில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை, அது புற்றாக மாறுமுன்னரே அறியும் சோதனையும், மார்பகப் பரிசோதனையும் அங்கு உண்டு. ஆறாம் வகுப்பு மாணவியருக்கு அந்நோயைத் தடுக்கும் ஊசி 2017 முதல் போடப்படுகிறது. இச்சோதனைக்குச் செல்லும் தாய்மார் பலருக்குப் பெரிய நோவு இராது. பெரும்பாலும் சில நிமிட நேரமே.

ஆடவர் நிலை இதனினும் பரிதாபம். சங்கத்து இளைஞர்கள் சிரிக்கலாம்; பெரியவர்கள் சிரிக்கமாட்டார்கள். மூலத்தில் இரத்தம் கண்டவர் டாக்டர் முன் அமர்ந்து "கொஞ்சம் வாயுத் தொல்லை" என்கிறார். சிறுநீர் தடைப்பட்டு இரவில் ஐந்து முறை எழுபவர் "நித்திரை வருவதில்லை" என்கிறார். டாக்டரும் வாயுவுக்கும் நித்திரைக்கும் மருந்து எழுதிக் கொடுக்கிறார். இவரும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்.