விசையுந்துப் பொறியின் நீர்மக் குளிர்விப்பு

நீர்மக் குளிர்விப்பு என்பது மோட்டார் சைக்கிள் எனப்படும் விசையுந்தின் பொறியில் எழும் வெப்பத்தை, ஒரு நீர்மத்தின் வழியாகக் கடத்தி வெளிக்காற்றில் சேர்க்கும் முறையாகும். இந்நீர்மம் குளிர்மம் எனப்படும். பொறியை இயன்றவரை குளிர்ச்சியாக வைத்திருப்பதே இதன் நோக்கம் எனப் பெயரைக் கொண்டு எண்ணத் தோன்றும். உண்மையில், பொறியின் வெப்பநிலையை ஒரு குறுகிய எல்லைக்குள் நிலைநிறுத்துவதே இதன் பணி. பெரும்பாலான விசையுந்துகளில் இவ்வெல்லை ஏறத்தாழ 80 °செ முதல் 105 °செ வரை ஆகும்.

தேவை

எரிபொருளிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதனினும் குறைவாகவோதான் வண்டியை இயக்கப் பயன்படுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி புகையுடன் வெளியேறுகிறது. மற்றொரு பகுதி உருளையின் சுவர்களையும் தலைப்பகுதியையும் சூடாக்குகிறது. இவ்வெப்பம் அகற்றப்படாவிடின் உயவு எண்ணெயின் படலம் மெலியும்; உலோக உறுப்புகள் அளவுக்கு மிஞ்சி விரியும்; இறுதியில் பிஸ்டன் உருளைக்குள் இறுகிப் பொறி பழுதடையலாம்.

மிகைக் குளிர்ச்சியும் தீங்கானதே. குளிர்ந்த பொறியில் பெட்ரோல் முழுமையாக ஆவியாவதில்லை. எரிபொருள் செலவு கூடுகிறது. எரிதலின்போது உண்டாகும் நீராவி குளிர்ந்து எண்ணெயில் கலப்பதால் தேய்மானமும் மிகுகிறது.

அமைப்பு

* நீர் உறை: உருளையையும் அதன் தலைப்பகுதியையும் சூழ்ந்துள்ள குளிர்மப் பாதை.
* நீரேற்றி: பொறியின் விசையால் சுழன்று குளிர்மத்தைச் சுற்றோட்டத்தில் வைப்பது.
* தெர்மோஸ்டாட்: வெப்பநிலைக்கேற்பத் திறந்து மூடும் அடைப்பிதழ்.
* ரேடியேட்டர்: மெல்லிய குழாய்களும் தகடுகளும் கொண்ட வெப்பமாற்றி. இதன் பின்புறம் மின்விசிறி பொருத்தப்பட்டிருக்கும்.
* அழுத்த மூடி: சுற்றோட்டத்தில் அழுத்தத்தைப் பேணுவது.
* சேமக்கலம்: விரிவடையும் குளிர்மத்தை ஏற்று, குளிர்ந்தபின் திருப்பித் தருவது.

செயற்பாடு

பொறி இயங்கத் தொடங்கும்போது தெர்மோஸ்டாட் மூடியிருக்கும். எனவே குளிர்மம் ரேடியேட்டருக்குச் செல்லாமல் பொறிக்குள்ளேயே இருந்து விரைவில் சூடேறும். ஏறத்தாழ 80 °செ அளவில் தெர்மோஸ்டாட் திறக்கத் தொடங்கும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கப் போதுமானது. நெரிசலில் வண்டி நிற்கும்போது எதிர்க்காற்று இராது. அப்போது வெப்பநிலை 100 °செ-ஐ ஒட்டி உயர, மின்விசிறி தானே இயங்கும்.

அழுத்தமும் கொதிநிலையும்

கடல்மட்டத்தில் தூய நீர் 100 °செ-இல் கொதிக்கும். நீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதியாகக் கலந்த குளிர்மத்தின் கொதிநிலை ஏறத்தாழ 107 °செ. அழுத்த மூடி வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் ஏறத்தாழ 1.1 பார் அழுத்தத்தைத் தாங்குவதால், கொதிநிலை 125 °செ-க்கும் மேலாக உயர்கிறது. ஆகவே நெரிசலில் வெப்பமானி 100 °செ-ஐத் தாண்டிக் காட்டுவது மட்டுமே பழுதின் அறிகுறி ஆகாது. மின்விசிறி இயங்கியும் வெப்பநிலை இறங்காமல் ஏறிக்கொண்டே போவதும், எச்சரிக்கை விளக்கு எரிவதுமே கவனிக்கப்பட வேண்டியவை.

இதே அழுத்தம் ஆபத்துக்கும் காரணமாகிறது. சூடான நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று குறைந்து, குளிர்மம் உடனே கொதித்துப் பீறிட்டுக் கடுமையான தீப்புண்களை உண்டாக்கும். பொறி மிகையாகச் சூடேறினால் வண்டியை நிறுத்திப் பொறியை அணைத்து, அது நன்கு ஆறிய பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். சூடான பொறியின்மீது குளிர்ந்த நீரை ஊற்றுவதும் தவறு. உலோகம் சீரின்றிச் சுருங்கிக் கோணவோ விரிசலிடவோ கூடும்.

பேணல்

குளிர்மத்தில் உள்ள அரிப்புத் தடுப்பிகள் நாளடைவில் வலுவிழப்பதால், தயாரிப்பாளர் குறிப்பிடும் கால அளவில் அதனை மாற்ற வேண்டும். கிணற்று நீர் போன்ற கடின நீரைச் சேர்த்தால் குழாய்களில் உப்புப் படியும். காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. புதிய குளிர்மம் நிரப்பும்போது உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவதும் இன்றியமையாதது. எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பது அதில் குளிர்மம் கலந்திருப்பதைக் காட்டலாம்.

எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சாகும். எனவே குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாதவாறு அதனை வைக்க வேண்டும். சிந்தினால் தரையை வழுக்கச் செய்யும் என்பதால், பல பந்தயங்களில் கிளைக்கால் கலந்த குளிர்மத்துக்குத் தடை உண்டு.

வரலாறு

இங்கிலாந்தின் யார்க்சயரில் ஆல்ஃபிரட் ஆங்கசு இசுக்காட் 1908 இல் தொடங்கிய நிறுவனம், நீரால் குளிர்விக்கப்பட்ட இருவீச்சுப் பொறிகளைத் தயாரித்தது. அவற்றில் நீரேற்றி இல்லை. சூடான நீர் மேலெழும் இயல்பைக் கொண்டே சுற்றோட்டம் நிகழ்ந்தது. சுசுகி நிறுவனம் 1971 இல் வெளியிட்ட ஜிடி750 வண்டிக்கு அமெரிக்காவில் ‘நீர் எருமை’ என்ற பட்டப்பெயர் வழங்கியது. 1974 இல் ஓண்டாவின் கோல்டு விங் அறிமுகமானது. இந்தியாவில் 2008 இல் வெளிவந்த யமாகா ஆர்15, 150 சிசி அளவுள்ள சிறிய வண்டிக்கும் இம்முறையைக் கொண்டுவந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு நிறுவனம், 2023 இல் இமாலயன் 450 வண்டியின் வழியாக இம்முறைக்கு வந்தது.

இவற்றையும் பார்க்கவும்

* உள் எரி பொறி
* வெப்பச்சலனம்
* கொதிநிலை