தலைக்கு எவ்வளவு தண்ணீர்?

வெளியூரில் குடியேறும் நம்மவர் முதலில் விசாரிப்பது வாடகையை. அடுத்து விசாரிப்பது தண்ணீரை. வீட்டுத் தண்ணீரைக் குடத்தால் அளந்துவிடலாம். நாட்டுத் தண்ணீரை அளப்பது எங்ஙனம்?

மழையளவையும் வெப்பநிலையையும் இணைக்கும் சூத்திரம் ஒன்றை வகுத்த பொறியியல் அறிஞர் ஏ. என். கோஸ்லா, இந்திய ஆறுகளின் ஆண்டு நீர்வரத்தை 1949-இல் 1,673 கன கிலோமீட்டர் என மதிப்பிட்டார். ஒரு கன கிலோமீட்டர் என்பது நூறு கோடி கன மீட்டர். மத்திய நீர் ஆணையம் 1993-இல் கண்ட தொகை 1,869. செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு 2019-இல் செய்த மறுமதிப்பீட்டில் அது ஏறக்குறைய 1,999 ஆயிற்று. ஆறுகள் பெருகிவிட்டன என்று மகிழ வேண்டா. கணக்கிடும் முறையும் தரவும் மாறின.

1951-இல் இந்தியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5,177 கன மீட்டர் நீர் இருந்தது என்றும், 2011-இல் அது 1,545 ஆகக் குறைந்தது என்றும் பலரும் எடுத்துரைப்பர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. முதலாவது எண் 1951-இல் எவரும் அளந்து கண்டதன்று. 1993-ஆம் ஆண்டின் நீர்த்தொகையை 1951-ஆம் ஆண்டின் மக்கள் தொகையாகிய 36.1 கோடியால் வகுத்தால் கிடைப்பது அது. கோஸ்லாவின் தொகையை வகுத்திருந்தால் ஏறக்குறைய 4,630 தான் வந்திருக்கும். 2011-ஆம் ஆண்டின் எண்ணும் அதே நீர்த்தொகையிலிருந்து பிறந்ததே. மாறியது வகுக்கும் எண் மட்டுமே.

சுவீடன் நாட்டு நீரியல் அறிஞர் மாலின் ஃபால்கன்மார்க் 1989-இல் ஓர் அளவுகோலை முன்வைத்தார். தலைக்கு 1,700 கன மீட்டருக்குக் கீழ் வந்தால் நெருக்கடி. 1,000-க்குக் கீழ் வந்தால் பஞ்சம். அதன்படி 2011-இல் இந்தியா முழுவதும் நெருக்கடியில் இருந்தது. ஆனால் அந்த 1,869-இல் பிரம்மபுத்திரா ஒன்றே 537-ஐக் கொண்டது, காவிரிக்கு 21, சபர்மதிக்கு நான்குகூட இல்லை. அஸ்ஸாமியரையும் அகமதாபாத்வாசியையும் கூட்டி வகுத்த சராசரி இருவருக்கும் பொருந்தாது.

இக்குறையை உணர்ந்த சார்லஸ் வொரஸ்மார்ட்டியும் அவர் குழுவினரும் 2000-ஆம் ஆண்டில் உலக வரைபடத்தை அரைப் பாகை அளவுள்ள கட்டங்களாகப் பிரித்தனர். கட்டந்தோறும் ஆற்றுநீரையும், அங்கு வாழ்வோர் எண்ணிக்கையையும், அவர்கள் செலவிடும் நீரையும் ஒப்பிட்டனர். நாட்டுச் சராசரி மறைத்திருந்த கோடிக்கணக்கான மக்கள் அப்போது கடும் நெருக்கடியில் இருப்போராகத் தென்பட்டனர். நாட்டெல்லையை அறியாத ஆறுகளை நாட்டுவாரியாகக் கணக்கிட்டுவந்த பழக்கத்திற்கு இது நல்ல திருத்தம் என்பதே எம் கருத்து.

எனினும் கட்டத்தில் குறிக்கப்படுவது மனிதன் வசிக்கும் இடம். அவன் குழாய்க்கு நீர் புறப்படும் இடமன்று. மும்பைத் தீவின் குடிநீர் தொலைவிலுள்ள தான்சா, பாத்சா ஏரிகளிலிருந்து வருகின்றது. பெங்களூர் நகரமோ 1974 முதல் காவிரி நீரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, பல நூறு மீட்டர் உயரத்திற்கு ஏற்றிப் பருகி வருகின்றது. தஞ்சையிலிருந்து அங்குக் குடியேறியவரை வரைபடம் வேறொரு கட்டத்தில் எழுதிக்கொள்கின்றது. அவர் வயலுக்கு வாய்க்கால் வழியே வந்த காவிரியோ, இப்போது அவர் வீட்டுக் குழாயில் வருகின்றது.