காடு, மண், தண்ணீரைக் காக்கும் வேலைக்கு என்ன படிக்கணும்? தருமபுரி மாணவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் இருப்பதால், பல்லில் கறை படிந்த பிள்ளைகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வரும் மாவட்டம் தருமபுரி. ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது. பல ஊர் போர்வெல்களில் இந்த அளவு தாண்டியதால்தான், ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது.

காட்டுப் பக்கமும் சிக்கல் உண்டு. 2022 நவம்பரில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686 சதுர கி.மீ. பரப்பு, காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சில மாதங்களிலேயே, 2023 மார்ச்சில், மாரண்டஹள்ளி அருகே விளைநிலத்து மின்வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன.

தண்ணீரைச் சோதிக்கவும், காட்டையும் வயலையும் சேர்த்துப் பாதுகாக்கவும் படித்த ஆட்கள் வேண்டும். இந்தப் படிப்புக்குப் பொதுப் பெயர்தான் இயற்கை வள மேலாண்மை.

எந்த டிகிரியில் சேரலாம்?

பிளஸ் டூ முடித்ததும் இதே பெயரில் டிகிரியைத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். எந்த வளத்தில் வேலை செய்ய ஆசையோ, அதை வைத்துப் பாடத்தைத் தேர்வு செய்யணும்.

காடு: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் 4 ஆண்டு பி.எஸ்சி. வனவியல்.

மண்: பி.எஸ்சி. வேளாண்மை முடித்து, முதுநிலையில் மண்ணியல் அல்லது சுற்றுச்சூழல் அறிவியல்.

தண்ணீர்: பாசனம், நீர் சேமிப்புக்கு பி.டெக். வேளாண் பொறியியல். நிலத்தடி நீருக்கு ஜியாலஜி.

வேளாண் பல்கலைக்கழகப் படிப்புகளுக்கு நீட் கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் கலந்தாய்வு. 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5% உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேருபவர்களின் கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

என்ன வேலை கிடைக்கும்?

யு.பி.எஸ்.சி. நடத்தும் ஐ.எஃப்.எஸ். எனும் இந்திய வனப்பணித் தேர்வு முதலில் வருகிறது. ஐ.ஏ.எஸ். தேர்வை எந்த டிகிரி முடித்தவரும் எழுதலாம். ஐ.எஃப்.எஸ். அப்படி இல்லை. தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், ஜியாலஜி, வேளாண்மை, வனவியல், பொறியியல், கால்நடை மருத்துவம் போன்ற குறிப்பிட்ட பாடங்களில் பட்டம் வேண்டும். பி.ஏ., பி.காம். படித்தவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது.

மாநில அளவில், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1ஏ மூலம் உதவி வனப்பாதுகாவலர், குரூப் 6 மூலம் வனத்தொழில் பழகுநர் பணிகளுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஜியாலஜியில் முதுநிலைப் பட்டம் இருந்தால், மத்திய நிலத்தடி நீர் வாரியப் பணிக்கு யு.பி.எஸ்.சி.யின் புவி விஞ்ஞானி தேர்வை எழுதலாம்.

அரசு வேலை மட்டும்தானா என்றால், இல்லை. நீர்வடிப்பகுதித் திட்டங்களில் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்கள், காகித ஆலைகள், விதை, நாற்றுப் பண்ணைகளிலும் வாய்ப்பு உண்டு. போபாலில் உள்ள இந்திய வன மேலாண்மை நிறுவனத்தில் எம்.பி.ஏ. படிக்க, எந்த டிகிரி முடித்தவரும் கேட் தேர்வு எழுதி விண்ணப்பிக்கலாம்.

எப்போது முடிவு எடுக்கணும்?

டிகிரி முடித்ததுமே வேலை உறுதி என்று நினைக்கக் கூடாது. தேர்வுகளில் இடம் குறைவு, போட்டி அதிகம். அதைவிட முக்கியம், பிளஸ் ஒன்னில் எடுக்கும் குரூப். அறிவியல் குரூப்பை விட்டுவிட்டால் பின்னால் இந்த வழிக்குத் திரும்புவது கஷ்டம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.