பழைய வீட்டுக்குப் புதிய மாடி

வீட்டை விரித்துக் கட்டுவது கொத்தனாருக்கும் தச்சருக்கும் உரிய வேலை என்றே பலர் எண்ணுகின்றனர். செங்கல் எத்தனை, சிமெண்ட் எத்தனை, செலவு எவ்வளவு என்று கணக்குப் பார்த்ததும் பேச்சு முடிந்துவிடுகிறது. அதற்கு முன் பார்க்கவேண்டிய வேறொரு கணக்கு உண்டு என்கிறோம் நாம். அது வரலாற்றுக் கணக்கு!

செங்கோட்டைத் தெருக்களில் ஓட்டுக் கூரையும் திண்ணையும் மரத்தூணும் கொண்ட பழைய வீடுகள் இன்னும் நிற்கின்றன. பாட்டன் கட்டிய வீடு பேரன் குடும்பத்துக்குப் போதவில்லை. மேலே ஒரு மாடி வேண்டும். பின்கட்டில் ஓர் அறை வேண்டும். நியாயமான தேவைதான். ஆனால், மாடி கட்ட நினைக்கும் இளைஞர் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். மாடி கட்டும் உரிமையே இந்த மண்ணில் எல்லோருக்கும் இருந்ததில்லை.

செங்கோட்டை 1956 நவம்பர் 1ஆம் நாள்தான் தமிழ் மாநிலத்தோடு இணைந்தது. அதற்கு முன் நெடுங்காலம் அது திருவிதாங்கூரின் ஊர். தருமராஜ்யம் என்று புகழப்பட்ட அந்த நாட்டில் நாடார் மக்கள் மீது சுமத்தப்பட்டிருந்த தடைகளைப் பாதிரியார் சாமுவேல் மேட்டீர் 1871இல் வெளியிட்ட நூலில் வரிசைப்படுத்துகிறார். குடை பிடிக்கக் கூடாது. செருப்பு அணியக் கூடாது. பொன் நகை பூணக் கூடாது. இடுப்பில் குடம் சுமக்கக் கூடாது. அந்த வரிசையிலே ஒன்று: ஒரு நிலைக்கு மேல் வீடு கட்டக் கூடாது! பணம் இருந்தாலும் கூடாது. மனை இருந்தாலும் கூடாது. கூரையின் உயரத்தைச் சாதி அளந்தது. சட்டம் அதற்குக் காவல் நின்றது.

அதே நாட்டில், அதே காலத்தில், மற்றொரு வீடு எப்படி வளர்ந்தது என்பதையும் பார்ப்போம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது பத்மநாபபுரம் அரண்மனை. திருவிதாங்கூர் மன்னரின் வீடு அது. அதுவும் ஒரே நாளில் எழுந்ததன்று. பழைய வீட்டோடு புதிய கட்டடம் சேர்த்துச் சேர்த்து விரிந்தது. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தாய்க் கொட்டாரம் அதன் பழைய பகுதி. 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மர் அதனருகே நான்கு நிலை மாளிகையை எழுப்பினார். வெளிநாட்டு விருந்தினர்க்கென ஐரோப்பியப் பாணியில் இந்திர விலாசம் பின்னர் வந்தது. பார்ப்பனர்க்கு நாள்தோறும் விருந்து படைக்க, இரண்டு நிலைகளில் நீண்ட ஊட்டுப்புரையும் எழுந்தது.

மன்னருக்கு நான்கு நிலை. உண்டு களிப்போர்க்கு இரண்டு நிலை. உழைத்து வரி செலுத்தியவனுக்கு ஒரே நிலை! அந்த அரண்மனையைச் சுற்றியுள்ள கல்குளம், இரணியல் பகுதிகளில்தான் தோள்சீலைப் போராட்டம் வெடித்தது. மார்பை மறைக்கும் உரிமையைப் பெண்கள் பெற 1859 வரை போராட வேண்டியிருந்தது. கோயில் வாசல் திறக்க 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே இன்று ஓர் எளிய குடும்பம் தன் வீட்டின் மேல் ஒரு மாடி எழுப்பினால், அதை ஆடம்பரம் என்று எள்ளி நகையாட நாம் ஒப்போம். அது தலைமுறைகள் போராடிப் பெற்ற உயரம்.

உரிமை கிடைத்துவிட்டது. இனி அறிவு வேண்டும். பழைய வீடு முழுவதையும் இடித்துத் தள்ளுவோர் ஒருபுறம். பழையது என்பதாலேயே தூசியைக்கூடத் தொடாமல் தொழுவோர் மறுபுறம். இரு சாராரும் சிந்திக்க மறுப்பவர்களே. அந்த வீட்டில் இரண்டு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, மழைக்கும் வெயிலுக்கும் மனிதன் கண்ட விடை. மற்றொன்று, சாதிக்கும் மூடத்தனத்துக்கும் அவன் செய்த சேவகம்.

தாழ்ந்திறங்கும் கூரையைப் பாருங்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியே ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் சாரல் சுவரை நனைக்காமல் காப்பது அதுதான். நடுமுற்றம் வெளிச்சமும் காற்றும் தருகிறது. சுண்ணாம்புச் சாந்துச் சுவர் உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுச் சுவரை அரிக்கும். இவை தச்சரும் கொத்தரும் தலைமுறை தலைமுறையாகக் கற்ற பாடம். உழைப்பாளியின் அறிவு அது, காக்கத் தக்கது.

இனி மறுபக்கம். திண்ணையில் யார் அமரலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்று வகுத்தது எது? மாதவிலக்கான பெண்ணைப் புறக்கடை மூலைக்குத் துரத்தியது எது? எடுப்புக் கக்கூசைக் கொல்லைப்புறத்தில் வைத்து, அதைச் சுமக்க ஒரு மனிதனைப் பின்சந்து வழியே வரச் செய்தது எது? அந்தக் கொடுமையை ஒழிக்க 1993இல் ஒரு சட்டமும் 2013இல் மற்றொரு சட்டமும் இயற்ற வேண்டியிருந்தது. இதைப் பண்பாடு என்று பூசி மெழுகிப் புதுப்பிப்பதா?

புதிய பகுதி எப்படி அமைய வேண்டும்? 1964இல் வெனிஸ் நகரில் கூடிய கட்டட வல்லுநர்கள் ஒரு நெறி வகுத்தனர். பழைய கட்டடத்தைச் சீர்செய்கையில் தவிர்க்க முடியாமல் புதிது சேர்த்தால், அது தன் காலத்தின் முத்திரையோடு விளங்க வேண்டும். பழையதன் அழகையும் குலைக்கக் கூடாது என்றனர். போலிப் பழமை வேண்டாம் என்பதே பொருள். பகுத்தறிவாளர்க்கு இது புதிய பாடமன்று. பொய் வேடம் மனிதனுக்கும் ஆகாது, கட்டடத்துக்கும் ஆகாது.

எடையையும் எண்ணுங்கள். 12 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 கிலோ. ஓட்டுக் கூரையைச் சுமக்கக் கட்டிய பழைய சுவர் அதைத் தாங்குமா? பொறியாளர் சோதித்துச் சொல்லாமல் அதன் தலையில் மாடியை ஏற்றலாகாது. புதிய பகுதிக்குத் தனி அடித்தளமும் தனித் தூணும் கொடுத்து, இரண்டும் சேருமிடத்தில் இடைவெளி விட்டு, மழைநீர் ஓட வழி செய்ய வேண்டும்.

இந்தக் கணக்கை விட்டுவிட்டு மனையடி சாத்திரத்தைப் புரட்டுவோர் உளர். இத்தனை அடி நீளமானால் செல்வம், இத்தனை அடியானால் வறுமை என்கிறது ஏடு. சாரல் எந்தத் திசையில் அடிக்கிறது என்று பார்க்காமல், ஈசானிய மூலை எது என்று தேடுகிறார்கள். விரிசல் விட்ட சுவரை எந்த மூலை தாங்கும்?

தோழர்களே! ஓட்டையும் முற்றத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். புகையில்லாத சமையலறை சேருங்கள். நீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறையை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். மேலே எழும் மாடியில், சன்னலோரம் உங்கள் வீட்டுப் பெண் அமர்ந்து படிக்க ஓர் அறை ஒதுக்குங்கள். வருகிறவர் எவராயினும் முன்வாசல் வழியே வரட்டும். திண்ணையிலே சமமாக அமரட்டும். ஒரு நிலைக்கு மேல் கூடாது என்று தடுக்கப்பட்ட நாட்டில், வீடு மட்டும் உயர்ந்தால் போதாது. அதில் வாழும் மனமும் ஒரு நிலை உயரட்டும்!